அஸ்வெசும: பக்கத்து வீட்டுக்குக் கிடைக்குது, நமக்கு?



"ஒரே மலை, ஒரே சம்பளம். அவங்களுக்கு மட்டும் அஸ்வெசும கிடைக்குதே?" என்று பலர் கேட்கிறீர்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய இக்கொடுப்பனவு சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப நிலை என 22 அளவுகோல்கள் உண்டு. விண்ணப்பத்தில் பதிந்த விபரப்படியே பிரிவு முடிவாகும். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா வரை, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரை. ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு.

ஆகவே, உங்கள் விபரம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால், அறிவிக்கும் தேதிக்குள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். இதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீங்க.

பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். கடைக் கடனுக்கு வங்கிப் புத்தகத்தை அடகு வைத்துவிடாதீங்க. அது பிள்ளைகளின் சோறு.