நீக்கியும் போகாத அப்பாச்சி

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக உபுண்டுவில் அப்பாச்சி சர்வர் போட்டிருந்தேன். கான்ஃபிக் ஃபைலில் எதையோ மாற்றப்போய், சர்வர் ஸ்டார்ட் ஆகவே இல்லை. டெர்மினலில் ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்து நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அதே எரர். கோபத்தில் ஈடிசிக்குள் இருந்த ‘அப்பாச்சி2’ ஃபோல்டரையே அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்தால், இப்போது கான்ஃபிக் ஃபைலே இல்லை என்கிறது. பேசாமல் உபுண்டுவையே புதிதாகப் போட்டுவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். ‘சுடோ ஆப்ட் பர்ஜ் அப்பாச்சி2’ என்று அடியுங்கள். முடிந்ததும் வழக்கம்போல் இன்ஸ்டால் செய்யுங்கள். சரியாகிவிடும்.

‘ரிமூவ்’ புரோகிராமை மட்டும்தான் எடுக்கும். ஈடிசியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைல்களைத் தொடாது. நாளைக்கே மறுபடி போட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த செட்டிங் வீணாகக் கூடாதே! உங்கள் விஷயத்தில் அது பத்திரமாகக் காப்பாற்றி வைத்தது பிழையான செட்டிங்கை. அந்த நிலையில் ‘டிபிகேஜி ஹைஃபன் எல்’ அடித்திருந்தால், அப்பாச்சி2 வரியின் தொடக்கத்தில் ‘ஆர்சி’ என்று இருந்திருக்கும். புரோகிராம் போயிற்று, கான்ஃபிக் இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபோல்டரைக் கையால் அழித்தீர்களே, அங்கேதான் சிக்கல் முற்றியது. உபுண்டுவுக்குத் தாய்வீடான டெபியனில் ஒரு கறாரான விதி உண்டு: கான்ஃபிக் ஃபைலில் நிர்வாகி செய்த மாற்றத்தை பேக்கேஜ் மாற்றி எழுதக் கூடாது. அழித்ததும் ஒரு மாற்றம்தான். ‘இவர் வேண்டாமென்றுதானே எடுத்தார்’ என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அந்த ஃபைலைத் திரும்ப வைக்காது. பர்ஜ் கான்ஃபிக்கையும் சேர்த்து நீக்கிவிடும் என்பதால் அந்தப் பழைய கணக்கும் தீர்ந்து, அடுத்த இன்ஸ்டால் புதிதாகத் தொடங்கும். பிஹெச்பி மாட்யூலும் போட்டிருந்தால் அதன் ஃபைல்களும் அதே ஃபோல்டரோடு போயிருக்கும். அதையும் பர்ஜ் செய்து போடுங்கள்.

வெப் ஃபோல்டரில் நீங்கள் எழுதி வைத்த பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லையும் இதே வேகத்தில் பர்ஜ் செய்துவிடாதீர்கள். டேட்டாபேஸ்களையும் அழித்துவிடட்டுமா என்று அது கேட்கும். அங்கே கை தவறினால் புராஜெக்ட்டே போய்விடும்.

ஆப்ட் காட்டும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தும் பழக்கம் பலருக்கும் உண்டு. 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் கேம் செயலியை இன்ஸ்டால் செய்யப்போனார். பேக்கேஜில் இருந்த கோளாறால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது. ஒரு முழு வாக்கியத்தை டைப் செய்தால்தான் தொடர்வேன் என்றது. அவர் டைப் செய்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் உலகமே பார்த்தது. ‘ஆட்டோரிமூவ்’ கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களைத்தான் அது எடுக்கும், என்றாலும் பெயர்களை ஒருமுறை பாருங்கள். சந்தேகமென்றால் கமாண்டில் ‘ஹைஃபன் எஸ்’ சேர்த்து ஓட்டுங்கள். என்ன நடக்கும் என்று காட்டும், எதையும் செய்யாது.

உண்மையில் உங்களுக்கு ரிமூவே தேவைப்பட்டிருக்காது. அடுத்த முறை கான்ஃபிக்கில் கை வைத்தால், ரீஸ்டார்ட்டுக்கு முன் ‘சுடோ அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’ அடியுங்கள். எழுத்தில் பிழை இருந்தால் எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் என்று அதுவே சொல்லிவிடும்.