தொழில் பாடம்: தோல் வெட்டும் பிரஸ்ஸும் வெட்டு அச்சும்



மலையை விட்டு வடக்கே போய்க் குடியேறிய நம்ம சொந்தங்கள் எத்தனையோ பேர். யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருக்கிற அப்படி ஒரு குடும்பத்திடம் இருந்து எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. கொழும்பிலே செருப்புப் பட்டறையில் வேலை பழகிய மகன் ஊருக்கு வந்துவிட்டான். செருப்பு, பெல்ட், பேர்ஸ் செய்ய சின்னதா ஒரு பட்டறை போடணும் என்கிறான். தோல் வெட்டுகிற பிரஸ் ஒன்று பழசு விலைக்கு வருகுதாம். கடன்பட்டு வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

ஆசை நல்ல ஆசைதான். புத்தூருக்குப் பக்கத்து ஊர் அச்சுவேலி. யுத்தத்தில் அழிந்துபோன அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டை இந்திய அரசின் உதவியோடு திருத்தப்பட்டு 2014-ல் மறுபடி திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்து இளைஞர்களுக்குக் கைத்தொழில் எண்ணம் வருவது இயல்பு. நம்ம தோட்டங்களிலும் சுயதொழில் குழு வைத்திருக்கிற பெண்கள் இதே மாதிரிக் கேட்கிறாங்க. ஆகவே பதிலை ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் பாடமாகத் தருகிறோம்.

1. பிரஸ் என்ன செய்கிறது?

பூரிக்கு மாவைத் தேய்த்து, டம்ளரின் வாயை வைத்து அமுக்கி வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா? அந்த டம்ளர்தான் வெட்டு அச்சு. பட்டறையில் 'டை' என்பார்கள். அமுக்குகிற நம்ம கைதான் பிரஸ். மாவு மெதுவானது, கையே போதும். தோல் கெட்டியானது, அதனால் டன் கணக்கில் அழுத்தம் வேணும்.

ஒரு பெரிய வித்தியாசத்தை இப்பவே மனசில் வையுங்க. டம்ளரால் வெட்டி மிஞ்சின மாவைத் திரும்பப் பிசைந்து இன்னொரு பூரி போடலாம். தோலில் அது நடக்காது. மிஞ்சினது மிஞ்சினதுதான். இந்தப் பாடத்தின் பாதி இந்த ஒரு வசனத்தில் இருக்கு.

பிரஸ் வருவதற்கு முன்னே அட்டையில் வடிவம் வெட்டி, தோல் மேலே வைத்து, கத்தியால் சுற்றி அறுப்பார்கள். அந்தக் கத்தி எழுப்புகிற 'கிளிக்' சத்தத்தால்தான் வெட்டுகிறவருக்குக் கிளிக்கர் என்று பேர் வந்தது என்பார்கள். பிறகு மெசினுக்கும் கிளிக்கர் பிரஸ் என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

பிரஸ்ஸில் மூன்று வகை தெரிந்திருந்தால் போதும். முதலாவது கையால் இயக்குவது. திருகாணி, நெம்புகோல் அல்லது லொறி ஜாக்கி வைத்து அமுக்குவது. இரண்டாவது, மேலே ஒரு கை மாதிரி இருந்து பக்கவாட்டில் திரும்பி அச்சின் மேலே வந்து அடிக்கிற கரண்ட் மெசின். இதைத்தான் ஸ்விங் ஆர்ம் என்பார்கள். சிறு பட்டறைகளில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். 20, 25 டன் அழுத்தம் தருகிற மெசின்கள் சாதாரணம். மூன்றாவது, மேசை அகலத்துக்கு முழுசாக இறங்குகிற பெரிய பீம் பிரஸ். அது தொழிற்சாலைக்கு உரியது.

2. இந்தத் தொழில் எங்கே வளர்ந்தது?

தமிழ் பேசுகிற மண்ணில் தோல் தொழிலுக்குப் பேர் போனது தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரம். அங்கே சப்பாத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் பெண்களே அதிகம். சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொழிலுக்கு ஆராய்ச்சியும் பயிற்சியும் தருகிறது. மும்பை தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் கொண்டுபோன தோல் தொழில் இன்றைக்கும் சின்னச் சின்ன அறைகளில் பேர்ஸ், பெல்ட், கைப்பை என்று நடக்கிறது. சின்ன இடத்தில் செய்யமுடியுமா என்று சந்தேகப்படுகிறவங்களுக்குத் தாராவியே பதில்.

தோல் வேலை என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மலையிலும் உண்டு. சாதியைச் சொல்லி ஒரு கைவேலையைத் தாழ்த்துவது நமக்கு நாமே போடுகிற விலங்கு. காலில் செருப்புப் போடுகிற எவருக்கும் அதைச் செய்தவரைத் தாழ்த்திப் பேச உரிமை கிடையாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பச்சைத் தோலை நாமே பதப்படுத்தலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். பதனிடும் கழிவு பாலாற்று மண்ணையும் குடிநீரையும் கெடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ல் கடுமையான தீர்ப்பு சொல்லவேண்டி வந்தது. நம்ம லயத்துக்குக் கீழே ஓடுகிற ஓடையும், புத்தூர்க் கிணறும் நாம் குடிக்கிற தண்ணீர். பதப்படுத்தி முடிந்த தோலையே வாங்குங்கள்.

3. அச்சைத் தெரிந்துகொள்வோம்

அச்சு என்பது ஒரு பக்கம் கூர் தீட்டிய உருக்குப் பட்டியை வேண்டிய வடிவத்துக்கு வளைத்து ஒட்டியது. உயரம் சாதாரணமாக 19 மில்லிமீற்றர் அல்லது 32 மில்லிமீற்றர். மெல்லிய தோலுக்கு மெல்லிய பட்டி போதும். அடித்தோல் மாதிரித் தடித்ததை வெட்ட, தடித்த பட்டி வேணும். சில அச்சில் இரண்டு பக்கமும் கூர் இருக்கும். ஒரு பக்கம் வைத்தால் இடது காலுக்கு, திருப்பி வைத்தால் வலது காலுக்கு. அப்படிப்பட்ட அச்சைத் தூக்கும்போது மேல் விளிம்பும் கத்திதான் என்பதை மறக்கக்கூடாது.

செருப்பு அச்சில் சின்னச் சின்ன வெட்டுக்குறி வைத்திருப்பார்கள். அது அளவைக் காட்டும் குறி. தைக்கிறவங்க அந்தக் குறியைப் பார்த்துத்தான் 6-ஐயும் 7-ஐயும் கலக்காமல் சேர்ப்பாங்க.

அச்சைக் கீழே போடக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று குவிக்கக்கூடாது. எண்ணெய் துடைத்து ஆணியில் மாட்டி வையுங்கள். மலையின் ஈரத்தில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கூர் துருவேறிப் போயிடும்.

4. தோலைப் படிக்கிற கண்

கொழுந்து எடுக்கிறவங்களுக்கு எது எடுக்கணும், எது விடணும் என்று கண்ணே சொல்லும். தோல் வெட்டுகிறவருக்கும் அதே கண் வேணும்.

தோலை வெளிச்சத்தில் விரித்து, இரண்டு பக்கமும் பாருங்க. ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூட்டுக் குறி, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் சோக்கால் வட்டமிடுங்க. முதுகும் பின்பகுதியும் கெட்டி, நல்ல தோல். கழுத்தில் சுருக்கம் இருக்கும். வயிறும் காலோரமும் இழுபடும்.

ஆகவே சப்பாத்தின் முன்பக்கம், பேர்ஸின் வெளிப்பக்கம் போன்ற கண்ணில் படுகிற துண்டுகளை முதுகுப் பகுதியில் வெட்டணும். உள்ளே மறைகிற துண்டுகளை வயிற்றுப் பக்கத்தில் எடுக்கலாம். பெல்ட்டையும் செருப்பு வாரையும் முதுகெலும்பு ஓடுகிற போக்கிலே வெட்டணும். அந்தப் போக்கில் தோல் குறைவாக இழுபடும். குறுக்கே வெட்டின வார், கொஞ்ச நாளில் நீண்டு காலில் நிற்காது. வாங்கினவர் திரும்ப உங்களிடம் வரமாட்டார்.

ஒரு சோடியின் இடதையும் வலதையும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டுங்கள். அப்பத்தான் நிறமும் தன்மையும் ஒத்துப்போகும். ரெக்சின், துணி, ஸ்பொஞ்ச் மாதிரிச் சாமான்களை அடுக்கி வெட்டலாம். தோலை ஒவ்வொன்றாகத்தான் வெட்டணும், ஏனென்றால் அடியில் இருக்கிற தோலின் குறை கண்ணுக்குத் தெரியாது.

5. அடுக்கினால் காசு

ஒரு கணக்குப் போடுவோம். விலை சும்மா உதாரணத்துக்கு. ஒரு தோல் 20 சதுர அடி, சதுர அடி 400 ரூபாய். மொத்தம் 8,000 ரூபாய். அச்சைக் கண்டபடி வைத்து வெட்டினால் 16 சோடி வார் வருகிறது என்று வைப்போம். சோடிக்குத் தோல் செலவு 500 ரூபாய். வளைவுக்குள் வளைவு பொருந்துகிற மாதிரி நெருக்கி, பெரிய துண்டை முதலிலும் சின்னதை இடைவெளியிலும் வைத்து 20 சோடி எடுத்தால் செலவு 400 ரூபாய். அதே தோல், அதே மெசின். சோடிக்கு 100 ரூபாய் லாபம் கண்ணிலும் கையிலும் இருந்து வந்தது, மெசினில் இருந்து இல்லை.

6. எவ்வளவு அழுத்தம்?

அச்சு பெரிசா சின்னதா என்பதைவிட, கூர் விளிம்பின் மொத்த நீளம் எவ்வளவு என்பதே முக்கியம். 10 சென்ரிமீற்றர் சதுர அச்சுக்கு விளிம்பு 40 சென்ரிமீற்றர். அதே இடத்தில் 2 சென்ரிமீற்றர் அகலத்தில் 5 வார் வெட்டுகிற ஐந்து அச்சை வைத்தால் விளிம்பு 120 சென்ரிமீற்றர். இடம் ஒன்றுதான், அழுத்தம் மூன்று மடங்கு வேணும். கையால் அமுக்குகிற பிரஸ் வாங்குகிறவங்க இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அச்சு செய்விக்கணும்.

அச்சைப் பிரஸ்ஸின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் மேல் தட்டு சரிந்து, ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் வெட்டாது. அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, கழிவுத் தோலில் வெட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூர், தோலைத் தாண்டி வெட்டுப் பலகையை இலேசாகத் தொட்டால் போதும். ஆழமாக இறங்கினால் பலகையும் போகும், கூரும் போகும். ஒரே இடத்தில் அடிக்காமல் பலகையை அடிக்கடி திருப்பி வையுங்கள்.

7. கை போனால் வராது

ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிறவங்களுக்கு மெசின் இரக்கம் பார்க்காது என்பது தெரியும். 20 டன்னுக்குத் தோலும் விரலும் ஒன்றுதான்.

நல்ல பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அடிக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் அச்சில் இருக்கமுடியாது. அதுதான் அதன் அர்த்தம். வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் ஒட்டியோ, குச்சி செருகியோ அமுக்கி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி வைத்த மெசினில் யாரும் வேலை செய்யாதீங்க, பிள்ளைங்களையும் விடாதீங்க.

ஒரு மெசினுக்கு ஒரு ஆள். ஒருவர் அச்சு வைக்க, இன்னொருவர் பட்டன் அமுக்குவது கூடாது. அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு அடிக்கக்கூடாது. திருத்தும்போதும் துடைக்கும்போதும் கரண்டை நிறுத்துங்க. 18 வயசு ஆகாத பிள்ளைகளை இந்த மாதிரி ஆபத்தான மெசினில் வைப்பது சட்டப்படி குற்றம்.

இலங்கையில் ஆபத்தான மெசினுக்குத் தடுப்புப் போடவேண்டும் என்று 1942-ம் ஆண்டின் 45-ம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934-ம் ஆண்டின் 19-ம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதுவரைக்கும் இந்தச் சட்டங்களைத் தொழிலாளியாக இருந்து பார்த்தோம். பட்டறை போட்டு இரண்டு பேரை வேலைக்கு எடுத்தால் நாமே முதலாளி. அப்போது அந்தப் பொறுப்பு நம்ம தலையில்.

8. அப்போ வாங்கலாமா?

புத்தூர்க் குடும்பத்துக்கு எங்கள் பதில் இதுதான்: மெசினை முதலில் வாங்காதீங்க. ஓடரை முதலில் பாருங்க.

ஒரு அச்சு செய்ய 9,000 ரூபாய் என்று வைப்போம். 30 துண்டு மட்டும் வெட்டினால் துண்டுக்கு 300 ரூபாய் அச்சுச் செலவு. 3,000 துண்டு வெட்டினால் துண்டுக்கு 3 ரூபாய். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அச்சும் பிரஸ்ஸும் சோறு போடும். மாதத்துக்கு ஒரு மாதிரி மாற்றுகிறவருக்குக் கத்தியும் அட்டையும்தான் இலாபம்.

படிப்படியாகப் போங்கள். முதல் படி, கத்தியால் வெட்டிச் செய்து விற்றுப் பார்ப்பது. அடுத்தது, எது அதிகம் போகுதோ அந்த ஒன்றுக்கு மட்டும் அச்சு. சாவி வளையம், சின்ன வார் போன்றவற்றை அச்சு வைத்து மரச்சுத்தியலால் அடித்தே வெட்டலாம். மூன்றாவது, கையால் அமுக்குகிற பிரஸ். கை ஓயாமல் வேலை வந்தால்தான் கரண்ட் பிரஸ்.

பழைய மெசின் பார்க்கப் போனால், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. எண்ணெய் கசிகிறதா? இரண்டு பட்டனும் தனித்தனியாக வேலை செய்கிறதா? ஒன்றை மட்டும் அமுக்கிப் பாருங்கள், அடித்தால் வாங்காதீங்க. மோட்டர் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ். இப்படிப்பட்ட பல பிரஸ்ஸுக்குத் த்ரீ பேஸ் கரண்ட் வேணும். அந்த இணைப்புச் செலவையும் கடன் கணக்கில் சேருங்க. லயத்துக் கரண்டில் வயர் இழுத்து மெசின் ஓட்டுவது வீட்டையே கொளுத்துகிற வேலை.

கடன் எடுக்கும் முன்னே கைத்தொழில் அபிவிருத்தி சபையின் மாவட்ட அலுவலகத்தில் போய்ப் பயிற்சி, ஆலோசனை பற்றிக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மகன் பழகிய வேலை அவன் கையிலேயே இருக்கிறது, ஆறு மாதம் பொறுத்தால் அது எங்கேயும் போய்விடாது. அவசரப்பட்டு எடுத்த கடன் மட்டும் மாதா மாதம் வாசலுக்கு வரும்.

குழுவில் பேசிப் பார்க்க:

1. மிஞ்சின பூரி மாவுக்கும் மிஞ்சின தோலுக்கும் என்ன வித்தியாசம்?
2. செருப்பு வாரைத் தோலின் எந்தப் போக்கில் வெட்டணும்? ஏன்?
3. பிரஸ்ஸில் இரண்டு பட்டன் வைத்தது எதற்கு?
4. உங்க குழு செய்கிற சாமான்களில் ஒரே வடிவம் அதிகமாக வருவது எது? அதற்கு அச்சு கட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்க.