உலோகத் தூளில் சிக்கனமும் தூய்மையும்

உலோகக் கட்டியைக் கடைந்தும் துளைத்தும் பொறி உறுப்புக்களைச் செய்வது பழைய முறை. அதில் வேண்டாத பகுதி சீவலாகக் கழிகிறது. நுண்ணிய உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் கதிரால் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக உறுப்பை வளர்ப்பது புதிய முறை. இது சேர்ப்பு முறை உற்பத்தி எனப்படும்.

இதன் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேற்கட்டத்துக்குரிய பி.எஸ்.4 எஞ்சின் இம்முறையில் செய்யப்பட்டு, 2024 மே 9ஆம் நாள் மகேந்திரகிரியில் 665 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பெற்றது. 14 உறுப்புக்கள் ஒரே துண்டாயின. 19 பற்றவைப்பு இணைப்புக்கள் நீங்கின. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோகிராம் உலோகம் வேண்டியிருக்க, இப்போது 13.7 கிலோகிராம் தூளே போதுமானதாயிற்று.

எனினும், உறுப்பில் சேரும் தூள் வேறு. இயந்திரத்தில் நிரப்பும் தூள் வேறு. 250 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரமாகவும் 300 மில்லிமீட்டர் உயரமாகவும் அமைந்த ஒரு தூள் படுகையைக் கருதுவோம். அதன் கன அளவு 18.75 லிட்டர். டைட்டேனியக் கலப்புலோகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம். துகள்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால், கன அளவில் நூற்றுக்கு 60 பங்கே உலோகம் எனக் கொண்டால், படுகை நிறைய ஏறத்தாழ 50 கிலோகிராம் தூள் வேண்டும். 2 கிலோகிராம் எடையுள்ள ஓர் உறுப்பை மட்டும் அதில் செய்தால், நூற்றுக்கு 4 பங்கே பயன்பட்டதாகும். எஞ்சிய 96 பங்கை மீண்டும் பயன்படுத்த இயலுமா என்பதைப் பொறுத்தே சிக்கனம் அமைகிறது.

எஞ்சிய தூள் முன்னிருந்த நிலையிலேயே இருப்பதில்லை. உருகிய இடத்திலிருந்து தெறிக்கும் துளிகள் உறைந்து, பருத்த துகள்களாகத் தூளில் விழுகின்றன. ஈரம் பட்ட தூள் சீராகப் பரவாது. ஆர்கான் வாயுவில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்ஸிஜனையும் சூடேறிய துகள்கள் ஏற்கின்றன. டைட்டேனியத்தில் ஆக்ஸிஜன் மிகுந்தால் வலிமை கூடும்; ஆனால் நெகிழும் தன்மை குறைந்து உலோகம் எளிதில் முறியும். நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் கலந்த டைட்டேனியத்தின் தூய வகையில், ஆக்ஸிஜன் 0.13 பங்குக்கு மேற்படலாகாது என்பது வரையறை.

பழைய தூளுடன் புதிய தூளைக் கலப்பது வழக்கம். புதியதில் 0.10 பங்கும் பழையதில் 0.16 பங்கும் ஆக்ஸிஜன் இருப்பின், சமமாகக் கலந்தால் சராசரி 0.13, ஒன்றுக்கு இரண்டாகப் புதியதைக் கலந்தால் 0.12. ஆனால் சராசரி குறைந்ததால் பழைய துகள்கள் தூய்மை அடைந்துவிடவில்லை. அவை கலவையில் அப்படியே இருக்கின்றன. ஆகவே, வரம்பு கடந்த தூளைக் கலவையில் மறைத்தல் சிக்கனமாகாது. கலப்பதற்கு முன்பே பழைய தூளைத் தனியே சோதித்தல் வேண்டும்.

தூளின் பயனைப் பெருக்க வழிகள் மூன்று. முதலாவது, திட்டமிடுதல். ஒரே படுகையில் பல உறுப்புக்களை நெருங்க அமைக்கலாம். உறுப்பைக் கிடையாக வைத்தால் உயரமும் தூளும் குறையும். ஆனால் தாங்கிகள் மிகுமாயின் அந்த இலாபம் குறையும். சிறிய உறுப்புக்குச் சிறிய படுகையைப் பொருத்துவதும் நலம். இரண்டாவது, காற்றும் ஈரமும் புகாத கலத்தில் தூளைச் சலித்துச் சேமித்தல். சல்லடை பருத்த துகள்களை நீக்குமேயன்றி, ஆக்ஸிஜனை நீக்காது. மூன்றாவது, பதிவேடு. ஒவ்வொரு தொகுதியும் எத்தனை முறை பயன்பட்டது, எதனுடன் கலந்தது, சோதனையில் கண்ட அளவு யாது என்பவற்றைக் குறித்து வருதல் வேண்டும்.

பதிவேடு இல்லாத தொழிற்சாலையில் இரண்டில் ஒரு தீங்கு நேரும்: நல்ல தூள் அச்சத்தால் கழிக்கப்படும், அல்லது பழுதுற்ற தூள் விமானத்திலோ நோயாளியின் எலும்பிலோ பொருத்தப்படும் உறுப்பினுள் புகும். முன்னது பொருள் நட்டம். பின்னது உயிருக்கே இடர். அளந்தறிந்து பயன்படுத்துவதொன்றே இரண்டையும் தவிர்க்கும் வழியாகும்.