‘ரிசீட்’ என்றால் ரசீது மட்டும்தானா?

இ-சேவை மையத்தில், மளிகைக் கடையில், தபால் நிலையத்தில் என்று தினமும் நம் வாயில் வரும் ஆங்கிலச் சொல் ‘ரிசீட்’. எழுதும்போது கடைசிக்கு முன்னால் ‘பி’ எழுத்து உண்டு, சொல்லும்போது கிடையாது. எனவே ‘ரிசிப்ட்’ அல்ல, ‘ரிசீட்’.

இதற்கு மூன்று பொருள் உண்டு.

1. பணம் கட்டியதற்கான சீட்டு
‘கீப் தி ரிசீட்’ என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

2. வரவு
‘ரிசீட்ஸ்’ என்று பன்மையில் கணக்குத் தாளில் இருந்தால், வந்த பணம். ‘ரிசீட்ஸ் அண்ட் பேமெண்ட்ஸ்’ என்பது நம்ம ஊர் வரவு செலவுக் கணக்குதான்.

3. கையில் கிடைத்தல்
கவனம் தேவைப்படுவது இங்கேதான். அரசுக் கடிதங்களில் ‘ரிசீட் ஆஃப் திஸ் லெட்டர்’ என்று வந்தால், ‘இக்கடிதம் கிடைக்கப்பெற்றது’ என்று பொருள். இங்கே சீட்டு எதுவும் இல்லை, பன்மையும் வராது.

ஓர் உதாரணம். தொண்டாமுத்தூரில் உங்களுக்கு ஒரு பாக்குத் தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா மாறுதல் மனு என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் கேட்கிறீர்கள். மனு கிடைத்த 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால், அது உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் இந்த இடங்களில் இருக்கும் சொல் ‘ரிசீட்’தான்.

“ரசீதே வரலீங்களே, அப்புறம் எப்படிங்க நாள் கணக்கு?” என்று காத்திருந்தால் கெடு போய்விடும். கடிதத்தில் அச்சான தேதியைப் பார்த்து, “அட, நாள் முடிஞ்சு போச்சுங்க” என்று விட்டுவிடுவதும் தவறு. கைக்கு வந்த நாள்தான் கணக்கு.

அதனால் செல்போனில் இரண்டு வேலை செய்யுங்கள். தபால் வந்த அன்றே கவரையும் கடிதத்தையும் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் அனுப்பும் மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதில் உள்ள எண்ணை இந்திய அஞ்சல் துறை இணையதளத்தில் போட்டு, போய்ச் சேர்ந்த தேதியைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சேதி. நாம் தமிழ் என்றே நினைக்கும் ‘ரசீது’ பாரசீக மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் ‘வந்து சேர்ந்தது’. இரண்டு சொல்லுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து!

பயிற்சி: ‘வித்தின் 15 டேஸ் ஃப்ரம் தி ரிசீட் ஆஃப் திஸ் நோட்டீஸ்’ என்று ஒரு நோட்டீஸ். அதில் உள்ள தேதி ஜூன் 3. உங்கள் கைக்கு வந்தது ஜூன் 8. கடைசி நாள் எது?

விடை: ஜூன் 23. ஜூன் 18 என்று சொல்லியிருந்தால், மூன்றாவது பொருளை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.