தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமிப் பரிசோதனை எதற்கு?

உங்கள் கணவர் கடுமையான நிமோனியாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளார். தாதி ஒருவர், பஞ்சு சுற்றிய குச்சியால் அவரது மூக்கினுள் துடைத்து மாதிரி எடுக்கிறார். ஆசனவாயிலிருந்தும் மாதிரி எடுக்கப்படலாம். "நெஞ்சில்தானே கோளாறு, இது எதற்கு?" என்று உங்களுக்குத் தோன்றலாம்.

எதைத் தேடுகிறார்கள்?

நம் தோல், மூக்கு, குடல் ஆகியவற்றில் எப்போதும் பாக்டீரியா கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுள் சில, வழக்கமான ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி பெரும்பாலும் மூக்கிலும் தோலிலும் இருக்கும். சிஆர்இ குடலில் இருக்கும். நலமாக இருப்பவரின் உடலிலும் இவை இருக்கலாம். ஆனால் சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய் போன்றவை பொருத்தப்பட்ட நோயாளிக்கு இவற்றால் கடுமையான கிருமித்தொற்று ஏற்படக்கூடும்.

முடிவு எப்படி உதவுகிறது?

கடுமையான தொற்றுக்கு மருந்தை உடனே தொடங்க வேண்டும். ஆனால் இரத்தத்தில் இருப்பது எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து பலன் தரும் என்று உறுதியாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். முன்கூட்டியே எடுத்த மாதிரியின் முடிவு, மருத்துவர் தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.

கிருமி இல்லை என்ற முடிவும் பயனுள்ளதே. மூக்கில் எம்ஆர்எஸ்ஏ இல்லையெனில், நிமோனியாவுக்கு அது காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. எனவே வேன்கோமைசின் போன்ற மருந்தை மருத்துவர் விரைவில் நிறுத்தக்கூடும். அம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், முதியோருக்கு இது மிக முக்கியம்.

கிருமி இருப்பது தெரிந்தால்?

பயப்பட வேண்டாம். கிருமி இருப்பதாலேயே அவருக்குத் தொற்று நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. தொற்றின் அறிகுறி இல்லாவிட்டால், பெரும்பாலும் அதற்கென ஆண்டிபயாட்டிக் தேவைப்படாது. அவரைத் தனியறைக்கு மாற்றலாம். தாதியர் கையுறையும் மேலங்கியும் அணியலாம். இது மற்ற நோயாளிகளைப் பாதுகாக்கவே. அவரை ஒதுக்கிவைப்பதற்கு அல்ல. தாதியின் அறிவுரைப்படி நீங்கள் அவரைச் சென்று பார்க்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• அவர் அண்மையில் உட்கொண்ட ஆண்டிபயாட்டிக் மருந்துகள், மருந்து ஒவ்வாமை, வெளிநாட்டு மருத்துவமனையில் பெற்ற சிகிச்சை ஆகியவற்றை மருத்துவரிடம் கூறுங்கள்.
• அறைக்குள் நுழையும் முன்பும் வெளியேறிய பின்பும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள்.
• அவருடைய குழாய்களையும் கட்டுகளையும் தொடாதீர்கள்.
• முன்பு எம்ஆர்எஸ்ஏ அல்லது சிஆர்இ இருந்ததாகக் கூறப்பட்டிருந்தால், மறுமுறை மருத்துவமனையில் சேரும்போது மறவாமல் தெரிவியுங்கள்.
• வீட்டில் மீந்த ஆண்டிபயாட்டிக் மருந்தை நீங்களாக உட்கொள்ளாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.

புரியாதது இருந்தால் தயங்காமல் மருத்துவரிடமோ தாதியிடமோ கேளுங்கள்.