பழைய காரில் வந்து மறையும் கோளாறு

கேள்வி: கரோல்பாகில் வாங்கிய பழைய மாருதி 800 ஓடும்போதே விளக்கு மங்கி நின்றுவிடுகிறது, பிறகு தானே கிளம்புகிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லையே?
- வாசகர், புது தில்லி

பதில்: தானே தோன்றித் தானே மறையும் கோளாறுக்குப் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பே காரணமாதலால், தில்லியின் கடும் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி நெகிழ்ந்த பேட்டரி முனைகளையும், பச்சைக் களிம்பு பூத்த எர்த் வயரையும் முதலில் பரிசோதியுங்கள். ஸ்டார்ட் செய்யும் தருணத்தில் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தோஷம் அந்த எர்த் வயரிலேயே இருக்கிறது. எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இல்லையேல் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரியெனில், வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டு, சாவி ஸ்விட்சின் வயர்களை மெல்ல அசைத்துப் பாருங்கள். காஷ்மீரி கேட்டில் உதிரிபாகம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதாகச் சொல்லி, ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றும் சில மெக்கானிக்குகளின் வழக்கத்தை மாத்திரம் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அக்கணத்தில் எழும் மின்னழுத்தம் நல்ல ஆல்டர்னேட்டரையும் நாசமாக்கிவிடும்.