தட்டைக் கூரையில் நீர்க்கொப்புளம்

பெங்களூர் சிவாஜிநகர்ப் பகுதியில் எஞ்சியுள்ள பழைய வீடுகள் சிலவற்றின் மொட்டைமாடி, தேக்கு விட்டங்களின்மீது செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லியிட்டு இறுக்கிய தளமாகும். புதியவை கான்கிரீட் தளங்கள். இருவகைத் தளத்திலும் ஒழுக்கைத் தடுக்கப் பிட்டுமன் படலத்தை எரிவாயுச் சுடரால் உருக்கி ஒட்டுவது இன்று பெருவழக்காயுள்ளது. ஒட்டிய சில மாதங்களிலேயே படலம் அங்கங்கே அப்பளம்போல் உப்பி, மிதித்தால் உள்ளே நீர் தளும்புவதும் உண்டு.

படலத்தில் துளை விழுந்து மழைநீர் புகுந்ததென்றே வீட்டுக்காரர் எண்ணுவர். பல சமயங்களில் அந்நீர் முன்னரே தளத்தில் தங்கியிருந்ததாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் இந்நகருக்கு மழை தருகின்றன. இடையில் தளம் முற்றிலும் உலர அவகாசம் குறைவு. சுண்ணாம்பு ஜல்லியோ ஈரத்தை எளிதில் விடாது. கறுத்த படலம் வெயிலில் 60 டிகிரி சென்டிகிரேடை எட்டக்கூடும். 25 டிகிரியில் பாதரச அளவில் ஏறக்குறைய 24 மி.மீ. ஆக உள்ள பூரித நீராவியின் அழுத்தம் 60 டிகிரியில் 149 மி.மீ. ஆகிறது, அதாவது ஆறு மடங்கு. வெப்பத்தால் இளகிய படலம், சரிவர ஒட்டாத இடத்தில் இவ்வழுத்தத்துக்கு இடங்கொடுத்து எழும்புகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகையில், இணைப்பில் நுண்ணிய இடைவெளி இருப்பின், ஈரக்காற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது. கொப்புளம் நாளுக்கு நாள் வளர்வது இதனாலேயே.

ஆணியால் குத்தி நீரை வடித்து, உடனே மேலே ஒரு துண்டை வைத்துச் சுடர் காட்டுவது பரவலான வழக்கம். இது வீண்செலவு. எஞ்சிய ஈரம் சுடரின் சூட்டில் ஆவியாகிப் புதுத்துண்டையே தூக்கிவிடும். கொப்புளத்தைப் பெருக்கற்குறி வடிவில் கத்தியால் கீறி, நான்கு மடல்களையும் பின்னுக்கு மடித்து, நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, வெயிலில் பல நாட்கள் உலரவிட வேண்டும். இடையில் மழை வருமாயின் மூடிவைத்து, பின் மீண்டும் திறந்து உலர்த்துக. உலர்ந்ததா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு: பாலிதீன் தாளொன்றை விளிம்புகளில் ஒட்டுநாடாவால் அடைத்து ஓரிரவு விட்டுவைத்தால், ஈரமிருப்பின் தாளின் அடியில் நீர்த்துளிகள் அரும்பும். இப்பணிக்கு மழை மிகக் குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை.

உலர்ந்த தளத்தில் பிட்டுமன் பிரைமர் பூசிக் காயவிட்டு, மடல்களின் அடிப்புறத்தை உருக்கி உருளையால் அழுத்துக. கீறலுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் 15 செ.மீ. மூடும்படி, மூலைகளை வளைவாக வெட்டிய துண்டொன்றை மேலே ஒட்டுக. அதன் விளிம்பெங்கும் உருகிய பிட்டுமன் மெல்லிய கோடாகப் பிதுங்குதல் நல்ல ஒட்டின் அடையாளம்.

தேக்கு விட்டமுள்ள கூரையில் சுடரையே தவிர்த்து, குளிர்நிலையில் ஒட்டும் படலத்தைக் கையாளுவது நன்று. நெருங்கிய கடைவீதியில் தீ எத்துணைச் சேதம் விளைக்கும் என்பதை 2012இல் ரஸ்ஸல் சந்தையில் நேர்ந்த தீவிபத்து காட்டியது. கான்கிரீட் கூரையிலும் தீயணைக்கும் கருவி அருகிலிருக்க வேண்டும். பணி முடிந்து இரண்டு மணி நேரமாவது ஒருவர் காவலிருத்தல் அவசியம்.

உள்ளங்கையளவே உள்ள, கிழியாத, வளராத கொப்புளத்தைத் தொடாதிருப்பதே மேல். அதே இடத்தில் மும்முறை எழுமாயின் குறை படலத்தில் இல்லை; நீர்க்குழாயையும் கைப்பிடிச்சுவரின் வெடிப்பையும் முதலில் பார்க்க வேண்டும்.